பிள்ளையின் பங்கு எவ்வளவு?

கணவனும் மனைவியும் பிரிந்து வாழ்வது தகுமா தகாதா என்னும் விவாதத்தில் இன்று நாம் இறங்கப் போவதில்லை. அவ்விவாதம் வீட்டுத் திண்ணைகளிலும் சபா மேடைகளிலும் வேண்டிய மட்டும் நடந்து வருகிறது. பிரிந்தவர்களுக்குக் குழந்தை ஒன்று இருக்குமாயின், அதன் சோற்றுக்கும் துணிக்கும் படிப்புக்கும் வைத்தியத்துக்கும் யார், எவ்வளவு, எத்தனை காலம் கொடுப்பது என்பதே நாம் எடுத்துக்கொண்ட விஷயம். விவாகத்தை ரத்துச் செய்யச் சட்டத்தில் இடமுண்டு. தகப்பன் என்னும் ஸ்தானத்தை ரத்துச் செய்ய எந்த விவாகரத்துத் தீர்ப்புக்கும் சக்தியில்லை.

திருவண்ணாமலைக்கு இது தூரத்து விஷயமன்று. நமது ஜில்லாவிலிருந்து பெங்களூருக்கும் சென்னைக்கும் திருப்பூருக்கும் கூலி வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் செல்வோர் அநேகர். குடும்பம் முறியும்போது புருஷன் வேலை செய்யும் ஊரிலேயே தங்கிவிடுகிறான்; ஸ்திரீ குழந்தையைக் கூட்டிக்கொண்டு தாய்வீடு திரும்புகிறாள். முதலிரண்டு மாதம் பணம் வரும். பிறகு குறையும். அப்புறம் நின்றுவிடும். அந்நிலையில் அவள் பெங்களூருக்குப் பஸ் ஏறிப் போய் வழக்காட வேண்டியதில்லை. தான் வசிக்கும் ஜில்லாவிலேயே மனுக் கொடுக்கலாம். இவ்வளவு சிறு செய்திகூடத் தெரியாமல் வருஷக்கணக்கில் காத்திருக்கும் தாய்மார் உண்டு என்பதைப் பொது ஊழியத்தில் இருப்போர் நன்கறிவர்.

சட்டம் சொல்வது என்ன?

மைனர் குழந்தைக்கு ஜீவனாம்சம் கேட்க முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, ஜாதி மத பேதமின்றி எல்லோருக்கும் உரிய கிரிமினல் முறைச் சட்டத்தின் வழி. 1898-ம் வருஷத்துச் சட்டத்தில் 488-வது பிரிவாகவும், 1973-ம் வருஷத்துச் சட்டத்தில் 125-வது பிரிவாகவும் இருந்த அது, 2024 ஜூலை 1-ந் தேதி முதல் பாரதீய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையின் 144-வது பிரிவாக இருந்து வருகிறது. போதிய வசதியிருந்தும் தன் குழந்தையைக் காப்பாற்றாது புறக்கணிப்பவனை மாதந்தோறும் ஒரு தொகை கொடுக்கும்படி மாஜிஸ்டிரேட்டோ, குடும்பக் கோர்ட்டோ உத்தரவிடலாம். குழந்தை விவாகத்தில் பிறந்ததா, அதற்கு வெளியே பிறந்ததா என்னும் வித்தியாசத்தைச் சட்டம் பார்ப்பதில்லை. முஸ்லிம் தகப்பனுக்கும் இக்கடமை உண்டென்று 1997-ல் நூர் சபா காத்தூன் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாகத் தீர்த்திருக்கிறது.

இரண்டாவது, 1956-ம் வருஷத்து ஹிந்து தத்து, ஜீவனாம்சச் சட்டம். இதன் 20-வது பிரிவு தகப்பனை மாத்திரமன்றித் தாயையும் கட்டுப்படுத்துகிறது. விவாகமாகாத பெண், தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள இயலாதவளாயின், மேஜரான பிறகும் இதன்படி கேட்கலாம். ஜீவனாம்சம் என்றால் வெறும் அன்னவஸ்திரம் என்று எண்ணுவோர் இச்சட்டத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். இருப்பிடமும் கல்வியும் வைத்தியமும் அதில் அடங்கியவை.

ஆக, பாத்தியதையைப் பற்றிச் சந்தேகமில்லை. தொகையைப் பற்றியே சந்தேகமெல்லாம்.

தொகையின் சரித்திரம்

1898-ல் ஜீவனாம்சத்துக்கு மாதம் 50 ரூபாய்க்கு மேல் போகக் கூடாதென்று உச்சவரம்பு கட்டியிருந்தார்கள். 1923-ல் அது 100 ஆயிற்று. 1955-ல் 500 ஆயிற்று. 1973-ல் புதுச் சட்டம் செய்தபோதும் அந்த 500 ரூபாயை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டார்கள். 1978-ல் ஸ்ரீ வி. ஆர். கிருஷ்ணய்யர் முதலிய நியாயாதிபதிகள், 500 என்பது குடும்பம் முழுவதற்கும் சேர்த்தன்று, ஆளொருவருக்கு என்று பொருள் கூறிச் சிறிது வழி திறந்தனர். 2001-ம் வருஷத்துத் திருத்தத்தில்தான் அவ்வரம்பு நீங்கிற்று. விலைவாசி எங்கெங்கோ ஏறிப் போன 46 வருஷ காலம் சட்டப் புஸ்தகத்தின் எண் மட்டும் அசையாமல் இருந்தது. இந்த அசையாமை என்னும் வியாதி வேறுருவத்தில் இன்றும் நம்மிடம் இருக்கிறது என்பதைப் பின்னால் காட்டுவோம்.

கணக்கிடும் விதம்

வரம்பு போயிற்று, அதனிடத்தில் அளவு ஏதேனும் வந்ததா? வரவில்லை. இன்ன வருமானமுள்ளவன் ஒரு குழந்தைக்கு இவ்வளவு கொடுக்க வேண்டுமென்று நமது சட்டம் எதுவும் கூறுவதில்லை. கக்ஷிகளின் அந்தஸ்து, கேட்பவரின் நியாயமான தேவை, இருவருடைய ஆஸ்தி, வருமானம், காப்பாற்றப்பட வேண்டியவர்களின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பார்த்து நியாயாதிபதி தீர்மானிக்க வேண்டும். அவ்வளவே.

இதன் விளைவைச் சிறு கணக்கொன்றால் விளக்குவோம். பிடித்தம் போகக் கையில் 40,000 ரூபாய் வாங்கும் ஒருவன், சம்பாத்தியமில்லாத மனைவி, ஒரு குழந்தை. 1970-ம் வருஷத்துத் தீர்ப்பொன்றைப் பின்பற்றிச் சுப்ரீம் கோர்ட்டு 2017-ல் கல்யாண் தே சௌத்ரி வழக்கில், நிகர சம்பளத்தில் 25 சதவீதம் மனைவிக்கு நியாயமாகும் என்றது. அதன்படி மனைவிக்கு 10,000 ரூபாய் ஆகிறது. குழந்தைக்கு எவ்வளவென்று அவ்விதி வாய் திறக்கவில்லை. 2004-ல் டெல்லி ஹைக்கோர்ட்டு வேறொரு முறை கூறிற்று. குடும்ப வருமானத்தைப் பங்கு போட்டு, சம்பாதிப்பவனுக்கு அவனுடைய தொழிற்செலவை உத்தேசித்து இரண்டு பங்கும், மற்றவர்களுக்குத் தலைக்கு ஒரு பங்கும் கொடுப்பது அம்முறை. அதன்படி நான்கு பங்காகி, மனைவிக்கு 10,000, குழந்தைக்கு 10,000 என்று வருகிறது. ஆள் ஒருவனே; சம்பளமும் ஒன்றே. எந்த முறையை எந்தக் கோர்ட்டு எடுத்துக்கொள்கிறது என்பதைப் பொறுத்துப் பிள்ளையின் பங்கு மாறுகிறது. பெரும்பாலும் தாயின் தொகைக்குள்ளேயே அது கரைந்தும் போகிறது.

2020 நவம்பர் 4-ந் தேதி ரஜ்னேஷ் எதிர் நேஹா என்னும் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு வழங்கிய தீர்ப்பு இத்துறையில் ஒரு படி முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. இரு கக்ஷிகளும் தத்தம் ஆஸ்தி, வருமானம், கடன், செலவு யாவையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தாக்கல் செய்ய வேண்டும். விவசாயிகளுக்கென்று தனி நமூனாவே உண்டு. நிலம் எவ்வளவு, நன்செயா புன்செயா, என்ன பயிர், கால்நடை எத்தனை என்றெல்லாம் அதில் எழுத வேண்டும். மனுக் கொடுத்த தேதி முதலே ஜீவனாம்சம் கணக்கிடப்பட வேண்டும். பிள்ளையின் படிப்புச் செலவைச் சாதாரணமாகத் தகப்பன் ஏற்க வேண்டும். தாயும் போதுமான அளவு சம்பாதிப்பவளாயின் இருவரும் வருமான விகிதப்படி பகிர்ந்துகொள்ளலாம். தகப்பனுக்கு 30,000, தாய்க்கு 10,000, படிப்புச் செலவு மாதம் 4,000 என்று வைத்துக்கொண்டால், அவன் 3,000, அவள் 1,000 என்பது அவ்விகிதம். ஊரில் எந்தப் பெரியவரும் ஒப்புக்கொள்ளக்கூடிய நியாயமல்லவா இது?

ஆனால் விதி எழுதினால் மட்டும் போதாது. தம் உத்தரவு கீழ்க்கோர்ட்டுகளில் சரிவர அனுஷ்டிக்கப்படவில்லை என்று கண்டு, 2023 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டே அதை மறுபடியும் எல்லா ஹைக்கோர்ட்டுகளுக்கும் அனுப்பும்படி நேர்ந்தது. இடைக்கால மனுவைக் கூடிய வரையில் 60 நாட்களுக்குள் முடிக்க வேண்டுமென்பது 2001-ம் வருஷத்துத் திருத்தம். மேற்படி ரஜ்னேஷ் வழக்கிலேயே, 2013-ல் போட்ட இடைக்கால மனு 2020-ல்தான் முடிவுக்கு வந்தது.

வருமானமில்லை என்னும் வாதம்

கோர்ட்டில் பிரதிவாதி முதலில் சொல்வது, தனக்கு வருமானமே இல்லை என்பது. மாதச் சம்பளக்காரனைச் சம்பளச் சீட்டு காட்டிக் கொடுத்துவிடும். ஆரணியில் தறி நெய்பவரிடத்திலும், கடை வைத்திருப்பவரிடத்திலும், லாரி ஓட்டுபவரிடத்திலும், தரகு செய்பவரிடத்திலும் சீட்டு ஏது? அங்கே கோர்ட்டு அவன் வாழும் வாழ்க்கையைப் பார்த்தே மதிப்பிட வேண்டியிருக்கிறது. மனு வந்த மறுமாதமே வேலையை ராஜிநாமாச் செய்வதும், நிலத்தைத் தம்பி பேருக்கு எழுதி வைப்பதும், பைக் சவாரி செய்துகொண்டே தரித்திரனென்று பிரமாணம் செய்வதும் வக்கீல்களுக்குப் புதியவையல்ல. உடல் திடமுள்ளவன் கூலி வேலை செய்தாயினும் மனைவியையும் மைனர் குழந்தையையும் காப்பாற்றக் கடமைப்பட்டவன் என்று 2022-ல் அஞ்சு கர்க் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு கூறியிருக்கிறது.

துறவிகள் நிறைந்த நமது ஊருக்கு இதில் ஒரு தனிக் குறிப்பு உண்டு. மலையை நாடி வந்து உண்மையாகவே உலகைத் துறந்த மகான்களை நாம் வணங்குகிறோம். ஆயினும், ஊரில் பிள்ளை பட்டினி கிடக்க, இங்கே காவி கட்டிக்கொண்டு கிரிவலப் பாதையில் அமர்ந்துவிட்டால் கடமை தீர்ந்ததென்று எவனேனும் எண்ணினால், சட்டம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. சாதுவாயினும் பிக்ஷு ஆயினும் உழைக்க வல்லவன் ஜீவனாம்சத்துக்கு உத்தரவாதியே என்பது நமது கோர்ட்டுகள் பலகாலும் கூறிவந்த கொள்கை. மாசி மகத்தன்று அருணாசலேசுவரர் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, பிள்ளையில்லாத வல்லாள மகாராஜாவுக்கு மகன் ஸ்தானத்திலிருந்து திதி கொடுக்கும் வழக்கத்தை இவ்வூரார் அனைவரும் அறிவர். பிள்ளையின் கடமையை இவ்வளவு சிரத்தையுடன் போற்றும் ஊர், தகப்பனின் கடமையை மறக்கலாகாது.

வளரும் பிள்ளை, வளராத தொகை

இனி நமது முக்கிய விஷயத்துக்கு வருவோம். ஒரு தடவை தொகை நிர்ணயமாகிவிட்டால் அது கல்லில் எழுதியதன்று. நிலைமை மாறியதென்று ருசுப்படுத்தினால், பழைய சட்டத்தில் 127-வது பிரிவின்படியும் இப்போது 146-வது பிரிவின்படியும் தொகையைக் கூட்டலாம், குறைக்கலாம். ஹிந்து தத்து, ஜீவனாம்சச் சட்டத்தின் 25-வது பிரிவும், ஹிந்து விவாகச் சட்டத்தின் 26-வது பிரிவும் இவ்வாறே இடம் கொடுக்கின்றன. தகப்பனுக்கு வேலை போய்விட்டது, தீராத நோய் வந்துவிட்டது என்றால் அவன் குறைக்கக் கேட்பது நியாயம்; அதை நாம் ஆக்ஷேபிக்கவில்லை. முன் கூறிய 2017-ம் வருஷத்து வழக்கிலேயே, புருஷன் மறுவிவாகம் செய்து அங்கும் ஒரு குழந்தை பிறந்திருப்பதை உத்தேசித்து 23,000 ரூபாயை 20,000 ஆகக் குறைத்தார்கள்.

ஆனால் கூட்டக் கேட்பவளின் நிலை என்ன? அவள் மறுபடி மனு எழுத வேண்டும். மறுபடி வக்கீலைத் தேட வேண்டும். மறுபடி வாய்தாவுக்கு நடக்க வேண்டும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். ஆகையால் பெரும்பாலோர் கேட்பதேயில்லை. மூன்று வயதுக் குழந்தைக்குப் பால் செலவை எண்ணி நிர்ணயித்த 5,000 ரூபாய், அவன் எட்டாவது வகுப்புக்குப் போகும்போதும் 5,000 ஆகவே நிற்கிறது. விலைவாசி வருஷத்துக்கு 5 சதவீதம் ஏறுவதாக மட்டும் வைத்துக்கொண்டாலும், இன்று 5,000 ரூபாய்க்கு வாங்கும் சாமானுக்குப் பத்து வருஷங் கழித்து 8,144 ரூபாய் வேண்டும். பிள்ளை வளர்ந்ததால் கூடிய செலவை இதில் சேர்க்கவேயில்லை. ரஜ்னேஷ் வழக்கில் மகனுக்கு முதலிரண்டு வருஷம் 5,000, 2015 செப்டம்பர் முதல் 10,000 என்று குடும்பக் கோர்ட்டு படி வைத்துக் கொடுத்தது நல்ல வழக்கம். ஆனால் அதற்கு மேல் படி வைக்கவில்லை; 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்ததும் அதே 10,000 ரூபாயைத்தான். 46 வருஷம் அசையாதிருந்த 500 ரூபாயின் கதை, ஒவ்வொரு உத்தரவிலும் சிறிய அளவில் மீண்டும் நடக்கிறது.

இதற்குப் பரிகாரம் கோர்ட்டுகளின் கையிலேயே இருக்கிறது. 2025 மே மாதத்தில் ராக்கி சாதுகான் வழக்கில், மனைவிக்கு மாதம் 50,000 ரூபாய் ஜீவனாம்சம் விதித்த சுப்ரீம் கோர்ட்டு, இரண்டு வருஷத்துக்கொரு தடவை 5 சதவீதம் தானாகவே உயர வேண்டுமென்றும் அவ்வுத்தரவிலேயே எழுதியது. மனைவிக்குச் செய்ததைக் குழந்தைக்கு ஏன் செய்யலாகாது? வருஷத்துக்கு வருஷம் வளர்வது குழந்தையல்லவா?

பிற தேசங்களில்

இங்கிலாந்தில் 1991-ம் வருஷத்துச் சட்டத்தின்படி சர்க்கார் இலாகாவே கணக்குப் போடுகிறது. வாரம் 200 முதல் 800 பவுன் வரை வருமானமுள்ளவன் ஒரு குழந்தைக்கு 12 சதவீதமும், இரண்டுக்கு 16-ம், மூன்றுக்கும் அதற்கு மேலும் 19-ம் கொடுக்க வேண்டும். பிள்ளை அவனுடன் தங்கும் இரவுகளுக்கு ஏற்பக் கழிவும் உண்டு. கோர்ட்டு ஏறாமலே வருஷந்தோறும் தொகை மறுபடி பார்க்கப்படுகிறது. ஜெர்மனியில் 1962 முதல் டூஸல்டார்ப் அட்டவணை வழக்கில் இருக்கிறது. அது சட்டமன்று, கோர்ட்டுகள் பின்பற்றும் வழிகாட்டி. தகப்பனின் வருமானம் ஒரு பக்கமும், பிள்ளையின் வயது ஒரு பக்கமுமாக அதில் கட்டம் போட்டிருக்கும். ஆறு வயதாகும்போது ஒரு படியும், பன்னிரண்டாகும்போது மற்றொரு படியும் தொகை ஏறும். பிள்ளை வளரும் என்னும் உண்மையை அந்த அட்டவணை மறக்கவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்து இலங்கையில் 1999-ம் வருஷத்து ஜீவனாம்சச் சட்டம், 18 வயதுக்கு மேல் 25 வயதுக்குட்பட்ட, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இயலாத மகனுக்கும் மகளுக்கும் வழி செய்திருக்கிறது. நமது நாட்டிலோ, தேக திடமும் புத்தித் தெளிவுமுள்ள மகனுக்கு 18 வயது நிரம்பிய அன்றே பாத்தியதை நின்றுபோகிறது. காலேஜ் வாசலில் அவன் கால் வைக்கும் சமயம் அது.

அளவு விதித்துவிட்டால் நியாயாதிபதியின் கை கட்டப்பட்டுவிடும், கூலிக்காரனுக்கும் கோடீசுவரனுக்கும் ஒரே முழக்கோல் பொருந்தாது என்று சிலர் ஆக்ஷேபிப்பர். முழக்கோல் இருந்தால்தான் எவ்வளவு கூடிற்று, எவ்வளவு குறைந்தது என்று சொல்ல முடியும். ஜெர்மனியைப் போல அட்டவணையை வழிகாட்டியாக வைத்து, அதிலிருந்து விலகும் நியாயாதிபதி காரணம் எழுத வேண்டுமென்று விதித்தால் போதும்.

செய்ய வேண்டியவை

நாம் கேட்பவை அதிகமில்லை. குழந்தையின் தொகையைத் தாயின் தொகையோடு கலக்காமல் ஒவ்வொரு உத்தரவிலும் தனியே எழுத வேண்டும். வருஷந்தோறும் உயர்வும், பள்ளியில் சேரும்போதும் மேல்வகுப்புக்குப் போகும்போதும் படி உயர்வும் முதல் உத்தரவிலேயே அமைய வேண்டும். வருமானமும் வயதும் சேர்ந்த அட்டவணை ஒன்றைச் சென்னை ஹைக்கோர்ட்டு தனது எல்லைக்குள் வழிகாட்டியாக வெளியிட வேண்டும். பிரமாணப் பத்திரத்தில் பொய் எழுதியவன் தண்டனைக்குத் தப்பக் கூடாது.

நமது வாசகர்களான பொது ஊழியர்களுக்கும் வேலையுண்டு. பஞ்சாயத்திலும் சமரசப் பேச்சிலும், "ஒரே தொகையாக வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடு" என்று தாயை நெருக்குவதை நீங்கள் தடுக்க வேண்டும். அவள் எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரம் குழந்தையின் பாத்தியதையை அழிக்காது. பிள்ளையைப் பார்க்க விடவில்லை, ஆகையால் பணமில்லை என்று சொல்லும் தகப்பனுக்கு, பார்ப்பதற்குத் தனி மனு உண்டென்றும், பிள்ளையின் சோறு பணயப் பொருளன்றென்றும் எடுத்துச் சொல்லுங்கள். பாக்கி விழுந்த தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள் வசூலுக்கு மனுச் செய்யாவிடில் கிரிமினல் கோர்ட்டின் வாரண்டு கிடைக்காதென்பதைத் தாய்மாருக்கு ஞாபகப்படுத்துங்கள். கொடாதவனை ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரையில் சிறையிலிடலாம். சிறை சென்றதனால் கடன் தீராதென்று 1988-லேயே சுப்ரீம் கோர்ட்டு கூறியாயிற்று. சிவில் கோர்ட்டில் ஜீவனாம்ச டிக்ரி பெற்றவள் சம்பளத்தையே ஜப்தி செய்யலாம். அதில் மூன்றிலொரு பங்கு மாத்திரமே அவனுக்குப் பாதுகாப்பு. வக்கீல் வைக்கப் பணமில்லையென்று எந்தப் பெண்ணும் பின்வாங்க வேண்டியதில்லை. 1987-ம் வருஷத்துச் சட்டப்படி ஸ்திரீகளுக்கும் குழந்தைகளுக்கும், வருமானம் எவ்வளவாயினும், ஜில்லாச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் அமர்த்தித் தர வேண்டும்.

பெற்றோர் இருவருக்கும் தங்கள் தங்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்ல வாய் உண்டு, வக்கீலும் உண்டு. வழக்கின் எண் தெரியாமல், வாய்தா தேதி தெரியாமல், பள்ளிக்கூடத்துச் சம்பளம் கட்டும் நாளை மாத்திரம் அறிந்திருப்பது குழந்தை. அதன் பங்கு எவ்வளவு என்பதை வழக்கு முடிந்து ஓய்ந்த பிறகு மிச்சம் பார்த்துத் தீர்மானிப்பது முறையன்று. முதலில் அதை எடுத்து வைத்துவிட்டு, பெற்றோரின் வழக்கைப் பிறகு பேசுவதே நியாயம்.